லிட்டர் வெயிட்டு

காதில் மாட்டுகிற சாமானைக் கண்ணால் பார்த்து வாங்குகிற ஊர் இது. இதை நான் சொன்னால், "வீரையாவுக்கு வேற சோலி இல்ல" என்பார்கள். போடிநாயக்கனூரில் முப்பத்தோரு வருசமாக ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கரையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண வீட்டு மைக்செட்டு, கோயில் மைக்செட்டு, இழவு வீட்டு மைக்செட்டு எல்லாம் என் மேசையில் படுத்து எழுந்து போனவைதான். சத்தம் பெரிசாக இருந்தால் போதாது, பேச்சு புரியணும் என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் செல்போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார். என் தலையெழுத்து அப்படி. அது கிடக்கட்டும், மொக்கம்மாள் வீட்டு விசயத்துக்கு வருகிறேன்.

என் கடை வீட்டு முன்னறையிலேயே இருக்கிறது, மொக்கம்மாள் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர்தான். இரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனால் என்னை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. மகள் சுகன்யாவுக்கு நான் மாமா. அந்தப் பிள்ளை ஒன்பதாவது படிக்கிற வரைக்கும் மலைக்கு மேலே, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில்தான் குடியிருந்தார்கள். மலையாளப் பிள்ளைகளோடு ஓடியாடி அந்தப் பாசை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேல்படிப்புக்காகக் கீழே இறங்கி வந்தார்கள். அப்பன் ராக்கையா மட்டும் தினமும் விடிகாலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவான். ஒருநாள் இறங்கி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் புரண்டுவிட்டது. செத்தது மூன்று பேர். அதில் ராக்கையா ஒருவன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு மொக்கம்மாள் என்னிடம் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எம்மக ஜீப்புல ஏறி மலைக்குப் போகக் கூடாதுண்ணே. அது ஒண்ணுதேன். மத்தது எப்பிடிப் போனாலும் போகட்டும்."

பிள்ளை பி.காம். முடித்தது. தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு மாதம் நின்றது, கால் வீங்கிப்போய் வேலையை விட்டுவிட்டது. நாலு மாதம் வீட்டில் சும்மா இருந்தது. கூடப் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். "நானும் போறேம்மா" என்று இதுவும் சொல்ல ஆரம்பித்த நேரத்தில்தான் அந்த வேலை வந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் போன் பண்ணுவார்கள். வீட்டில் இருந்தபடியே பேசி, டாக்டரைப் பார்க்கத் தேதி குறித்துக் கொடுக்க வேண்டும். தமிழும் மலையாளமும் தெரிந்த ஆள் வேண்டும். மாதம் பதினாலாயிரம். லேப்டாப்பு கோயம்புத்தூரில் இருந்து பார்சலில் வந்துவிட்டது. பதினைந்து நாள் சோதனை. ஒவ்வொரு பேச்சையும் பதிவு பண்ணிக் கேட்டு மார்க்குப் போடுவார்கள். தேறினால் வேலை, தேறாவிட்டால் மலை. வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள், மொக்கம்மாளும் வேறு வழியில்லாமல் சம்மதித்திருந்தது.

ஹெட்செட்டு மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் சுகன்யா என் கடைக்கு வந்தாள்.

"பேசுறதுக்கா ஆத்தா, பாட்டுக் கேக்கவா?"

"பேசத்தேன் மாமா."

இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தேனியில் ஒரு ஆபீசுக்கு இருபது வாங்கிக் கொடுத்ததில் மிஞ்சியது. கறுப்பு பிளாஸ்டிக்கு, மெல்லிசான பஞ்சு, ஒரு ஒயரு, வாய்க்கு முன்னால் வளைந்து வந்து நிற்கிற மைக்கு. ஆயிரத்து நூறு ரூபாய்.

"இது ஒன் வாய்க்கிட்டயே வந்து நிக்கிது பாரு. ஒம்பேச்ச மட்டும் எடுக்கும். பக்கத்துல கொட்டடிச்சாக்கூடச் சட்ட பண்ணாது. எதிராளி பேசுறது எழுத்து எழுத்தாக் கேக்கும்."

மாட்டிக்கொண்டு செல்போன் கேமராவில் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புச் சொல்றவுக மாதிரி இருக்கு மாமா."

"அவுக சொல்றது ஊருக்கே கேக்குதுல்ல?"

"ட்ரெயினிங்ல வீடியோ போடச் சொன்னாக. பதினோரு பொண்ணுக. அம்புட்டுப் பேரும் காத மூடுறாப்புல பெருசாப் போட்டிருக்காக. நான் மட்டும் பழைய போன் ஒயர மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு பொண்ணு, சுகன்யா நீங்க எந்த ஊருன்னு கேட்டுச்சு. மத்த யாரையும் அப்பிடிக் கேக்கல."

இருபத்திரண்டு வயதில் அந்தக் கூச்சம் சின்ன விசயம் இல்லை.

அந்த நேரத்தில் மொக்கம்மாள் வேலை விட்டு வந்து சேர்ந்தது. சேலை, தலைமுடி எல்லாம் ஏலக்காய் வாசம். ஹெட்செட்டை வாங்கி வலது உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டியது.

"என்னண்ணே இது, பதரா இருக்கு."

மொக்கம்மாளுடைய கை பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அது ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை பார்த்தது. பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்துக் காய்க்கு விலை போடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வியாபாரிகள் அதோடு விடமாட்டார்கள். ஒரு லிட்டர் படியில் காயை அள்ளி நிரப்பி நிறுத்துப் பார்ப்பார்கள். நானூறு கிராமுக்கு மேலே நின்றால் உள்ளே அரிசி, அதாவது விதை, நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். குறைந்தால் வெறும் தோல். இதற்குப் பெயர்தான் லிட்டர் வெயிட்டு. மொக்கம்மாளுக்குப் படியும் வேண்டாம், தராசும் வேண்டாம். ஒரு கை அள்ளிப் பார்த்து நானூற்றுப் பத்து என்றால் தராசு நானூற்று எட்டு காட்டும். காதோரம் குலுக்கிப் பார்த்தே ஈரக் காயா காய்ந்த காயா என்று சொல்லிவிடும். முதலாளி மற்ற ஆட்கள் பிரித்த மூடையையும் அதன் கையில் கொடுத்துத்தான் கடைசி வார்த்தை கேட்பார். அந்த வீட்டில் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான்.

"இது ஏலக்காய் இல்ல மொக்கம்மா" என்றேன்.

"எதா இருந்தா என்னண்ணே? பிள்ளைக்கு வேல கெடைக்கிற சாமான். சத்தா வாங்கணும். வாங்க, பிரதீப்பு கடையில பாத்துட்டு வருவோம்."

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். பிரதீப்பின் செல்போன் கடையில் கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க விளக்கு. அவன் நல்ல பையன்தான். ரோஜாப்பூவும் தங்கமும் கலந்தாற்போல ஒரு நிறத்தில் தலை மேலே வளைந்து காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து வைத்தான். ஒயரே இல்லை. சுகன்யா அதை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தபோது, சொல்லக் கூடாது, சினிமா நடிகை மாதிரிதான் இருந்தாள்.

"இப்ப இதுதேன் அக்கா ஓடுது. காலேஜு பிள்ளைக எல்லாம் இதுதேன் கேக்குதுக. மூவாயிரத்து எண்ணூறு. ஒங்களுக்கு மூவாயிரத்து நானூறு."

மொக்கம்மாள் அதைக் கையில் வாங்கியது. கண்ணை மூடியது. முகத்தில் ஒரு திருப்தி வந்தது. காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தது. உள்ளே ஒன்றும் ஆடவில்லை.

"நெறைஞ்சிருக்குண்ணே. உள்ள சரக்கு இருக்கு."

"மைக்கு எங்கடா இருக்கு?" என்று பிரதீப்பைக் கேட்டேன்.

காதுமூடியின் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டையைக் காட்டினான். "இந்தா இருக்குல்ல மாமா."

"வாய்க்கும் அதுக்கும் ஒரு சாண் தூரம். வீட்ல பூன தும்முறதெல்லாம் அதுல போகும். மொக்கம்மா, நான் சொல்றதக் கேளு. எங்கடையில இருக்குற கருப்பயே வாங்கிக் குடு."

"கனம் பொய் சொல்லாதுண்ணே" என்றது மொக்கம்மாள். "கலருக்குச் சாயம் போடுவாக, பாத்திருக்கேன். கனத்துக்கு என்னத்தப் போடுவாக?"

சுகன்யா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையில் பிடித்திருந்த பெட்டியை விடவும் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒலியைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டு ஏலக்காய்க் கணக்கில் வாங்குகிறார்களே என்கிற வீம்பு. "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கி வந்துவிட்டேன். அங்கேயே நின்று, அதை மாட்டி ஒரு போன் போட்டுப் பேசச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிசத்தில் தெரிந்திருக்கும். முப்பத்தோரு வருசத் தொழில்காரனுக்கு அது தோன்றவில்லை.

வேலை ஆரம்பித்தது ஆடி மாதம். போடியில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைக் கணவாய் வழியாகக் கிளம்பி வந்தால் நிற்காது. மொக்கம்மாள் வீடு தகரக் கூரை. காற்றில் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டார்கள், பின்னால் சத்தம் அதிகம், உங்கள் பேச்சு பானைக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று.

மொக்கம்மாள் என்னிடம் வந்தது. "நம்ம வீடு சரியில்லண்ணே. தகரத்துச் சத்தம் போகுதாம்."

வீட்டைத்தான் குறை சொன்னது. கையில் கனத்த சாமான் மேலே அதற்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறி, சாக்கு மூடையில் மணல் கட்டித் தகரத்தின் மேலே வரிசையாக வைத்தது. சன்னல் இடுக்கில் பழைய சேலையைச் செருகியது. மிக்சி ஓடக் கூடாது என்று அஞ்சு மணிக்கே எழுந்து அம்மியில் அரைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போனது. என்னிடமும் வந்து நின்றது.

"அண்ணே, ஒம்பதுல இருந்து ஆறு வரைக்கும் ஸ்பீக்கரு போட்டுப் பாக்காம இருக்க முடியுமா? பதினஞ்சு நாளைக்குத்தேன்."

ஸ்பீக்கரைப் போட்டுப் பார்க்காமல் நான் எதை ரிப்பேர் பண்ணுவது? இருந்தாலும் சரி என்றேன். சாயங்காலத்துக்கு மேலே வேலை பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, புழுக்கத்தில், "ஹலோ, கேக்குதுங்களா, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் தொண்டை கட்டிவிட்டது.

எட்டாம் நாள்தான் அது நடந்தது. கட்டப்பனைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டிருக்கிறார். மனைவிக்கு நெஞ்சு வலி, டாக்டரைப் பார்க்கத் தேதி வேண்டும். பதினாறாம் தேதி என்று அவர் சொன்னது, அந்தப் பெரிய ஹெட்போனின் தும்தும்மென்ற சத்தத்தில் இவளுக்குப் பதினேழு என்று கேட்டிருக்கிறது. "பதினேழு, சரியல்லே?" என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். "மோளே, ஒந்நும் கேக்குந்நில்ல", ஒன்றும் கேட்கவில்லை என்றிருக்கிறார். மறுபடி கேட்டதற்கு அலுத்துப்போய் "அதே, அதே", ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டார். பதினாறாம் தேதி விடியுமுன்னே அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி, பஸ் மாறி, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால், உங்களுக்கு நாளைக்குத்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவர் கம்பெனிக்குப் புகார் சொல்லிவிட்டார்.

அந்தப் பதினாறாம் தேதி மத்தியானமே சுகன்யா ஹெட்போனைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். விசயத்தைச் சொன்னாள்.

"அந்தப் பாட்டிக்கு ஏதாவது ஆயிருந்தா மாமா?"

"ஆகலைல?"

"ஆகல. ஆனா அவுக வாசல்ல ஒக்காந்திருந்தாகளாம். நடக்க முடியாம." பெட்டியை என் மேசையில் வைத்து, "இதப் பிரிச்சுப் பாருங்க மாமா. சரி பண்ண முடியுமான்னு பாருங்க" என்றாள்.

பிரித்தேன். காதுமூடியின் உள்ளே பழைய ரேடியோவில் போடுகிற மாதிரி நோஞ்சான் ஸ்பீக்கர் ஒன்று. முப்பது ரூபாய் பெறாது. அதன் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு இரும்புத் துண்டு, பசை போட்டு ஒட்டியிருந்தது. இன்னொரு மூடியிலும் அதே மாதிரி இரண்டு. மொத்தம் நாலு துண்டு. அதற்கு ஒயரும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. கையில் எடுத்தால் விலைக்குத் தகுந்த சாமான் என்று தோன்றணும். அதற்காக வைத்தது. குலுக்கினால் ஆடக் கூடாது என்று பசையும் போட்டிருக்கிறான்.

சுகன்யாவுக்கு நான் சொல்லாமலே விளங்கிவிட்டது. நாலு துண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லாதீக மாமா."

அந்தக் கறுப்பு ஹெட்செட்டை எடுத்து அவள் கையில் திணித்தேன். காசு பேசவில்லை. மிச்சம் இருந்த நாட்கள் முழுக்க அதை வைத்துத்தான் பேசினாள். அதே வீடு, அதே தகரம், அதே காற்று. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் தணிந்துவிட்டது. போர்வையையும் எடுத்துவிட்டாள். ஒருநாள் யாரிடமோ சிரித்துப் பேசியதுகூடக் கேட்டது.

பதினைந்தாம் நாள் கோயம்புத்தூர் மேலதிகாரி வித்யா என்கிற பெண் கூப்பிட்டாள். நல்ல பெண்தான் போல. "சுகன்யா, இப்ப உங்க வாய்ஸ் அவ்வளவு தெளிவா இருக்கு. உங்க மலையாளம் இங்க யாருக்கும் வராது. முதல் நாளே இப்படி இருந்திருந்தா நான் சண்டை போட்டாவது எடுத்திருப்பேன். பதினஞ்சு நாள் மார்க்கையும் கூட்டித்தான் பாக்குறாங்க. அந்தக் கம்ப்ளைன்ட் வேற இருக்கு. லேப்டாப்ப அனுப்பிருங்கம்மா" என்றாளாம்.

அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மொக்கம்மாள் நேராக ஸ்டோரிலிருந்து என் கடைக்கு வந்தது. பிரித்துப் போட்ட ஹெட்போன் மேசையில் கிடந்தது. ஒளித்து வைக்கணும் என்று நினைத்து நினைத்தே மறந்திருந்தேன்.

"இது என்னண்ணே இரும்பு?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "கனத்துக்கு வச்சிருக்கான் மொக்கம்மா. வேற ஒண்ணுக்கும் இல்ல."

நாலு துண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்தது. கண்ணை மூடியது. இரண்டு தடவை ஆட்டியது.

"எம்பது கிராம் இருக்கும்."

என்னமோ தோன்றியது, வாங்கிக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். எண்பத்தொன்று காட்டியது. வந்து சொன்னேன்.

"பாத்தீகளா" என்றது. "கனத்தச் சரியாத்தேன் பாத்திருக்கேன். எதோட கனம்னுதேன் பாக்கல. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீக. அந்தப் பிள்ள போர்வையப் போத்திக்கிட்டுக் கத்துச்சேண்ணே. நான் வீட்டக் கொற சொன்னேன். தகரத்துல ஏறி மண்ணு மூடைய அடுக்குனேன். பூராவும் என் கையில இருந்த கோளாறு."

"ஒன் கையில கோளாறு இல்ல. ஏமாத்துறவன் ஒன் கையத் தெரிஞ்சு வச்சிருக்கான்."

"பிரதீப்பு திருப்பி எடுத்துக்கிருவானா?"

அதுதான் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. அதற்கு முந்தின நாளே போய்க் கேட்டிருந்தேன். "பிரிக்காம இருந்தா அனுப்பி மாத்திருப்பேன் மாமா. பிரிச்சா வாங்க மாட்டாக. நானே உள்ள இரும்பு இருக்கும்னு கண்டேனா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. பிரித்தது நான்.

மொக்கம்மாள் கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டது. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் ஸ்டோரில் அது ஒரு கை காய்க்கும் தராசு கேட்க ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். முதலாளி சிரித்தாராம், என்ன மொக்கம்மா, வயசாயிப்போச்சா என்று. வீட்டில் இரண்டு நாள் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. சுவர் வழியாக ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

"பேசுனது பேசுனதுதேன். தேறலன்னா மலைன்னு நீதான சொன்ன? சுருளியம்மா அத்தைகிட்டப் பேசிட்டேன். திங்கக்கெழம போறேன்."

"ஏறக் கூடாது."

"வேற என்ன செய்ய? இன்னும் நாலு மாசம் ஒன் சோத்தத் தின்னுக்கிட்டு உக்காரவா? எல்லாரும் போறாக, வர்றாக. எல்லா ஜீப்புமா பெரளுது?"

அப்புறம் அழுகைதான் கேட்டது. யார் அழுதது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை டீ குடிக்கப் போனேன் என்று சொன்னால் பொய். பார்க்கத்தான் போனேன். ஜீப்புகள் நிற்கிற முக்கில் பொம்பளைகள் தலைத்துண்டும் தூக்குவாளியுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மலைப் பக்கம் ஒரே மூட்டம். ஆள் சேர்க்கிற சுருளியம்மாள் முன்சீட்டில் இருந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தது. சுகன்யா வந்தாள். பின்னாலேயே மொக்கம்மாள் வந்தது. சேலைக்கு மேலே ராக்கையாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தது.

சுகன்யா ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தாள். மொக்கம்மாள் அந்தக் கையை எடுத்துவிட்டு, தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, தான் ஏறி உட்கார்ந்தது. உள்ளே இடமில்லை. பின் விளிம்பில்தான் இடம், ஒரு கால் வெளியே.

"மொக்கம்மா, ஒம்மகதான வர்றதாச் சொன்னுச்சு?" என்றது சுருளியம்மாள்.

"நாந்தேன் வர்றேன். ஒரு ஆள்தான வேணும்?" என்றது. மகளைப் பார்த்து, "மொதலாளிகிட்டப் பேசிட்டேன் ஆத்தா. என் எடத்துல நீ உக்காரு. பள்ளிக்கூடத்து லீவுக்கு வந்து காய் ஆஞ்சு பிரிச்சிருக்கயில்ல, வந்துரும். எட்டு மணிக்குத் தெறப்பாக. வெரசாப் போயிரு" என்றது.

"எறங்கும்மா. அம்மா, எறங்கு. மாமா, எறங்கச் சொல்லுங்க மாமா."

நான் ஒரு அடி முன்னால் போனேன். மொக்கம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன். அதனிடம் பேசுகிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது?

"போகலாம் அப்பு" என்று அதுவே டிரைவரிடம் சொன்னது. ஜீப் கிளம்பியது. அந்தச் சட்டை மட்டும் கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது.

சுகன்யா அழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது, துண்டால் துடைத்துக்கொண்டேன்.

"மாமா, சாயங்காலம் ஜீப்பு எத்தன மணிக்கு எறங்கும்?"

"ஆறு மணிக்கெல்லாம் வந்துரும் ஆத்தா."

"மழை பெஞ்சா?"

மூட்டம் அடிவாரம் வரைக்கும் இறங்கியிருந்தது. "டீ குடிக்கிறயா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஸ்டோர் திறக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.